பக்கத்து சீட்டின் லோடு

வண்டியைத் தாழ்த்துவது என்றால் என்னவென்று எனக்கு முதலில் தெரியாது. ஆளைத் தாழ்த்துவது தெரியும். அதில் என் கணவர் கைதேர்ந்தவர், நாலு பேர் முன்னால் வைத்தே செய்வார். வண்டிக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதை அந்த ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், யாரோ ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். ரெண்டே சீட். "இனிமே நீயும் நானும்தானே, நெனச்ச எடத்துக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் வெளியே போனால் முன்சீட்டில் மாமியார், பின்சீட்டில் நாத்தனாரும் அவள் பிள்ளைகளும், நடுவில் நசுங்கிக்கொண்டு நான், என் மடியில் எல்லோருடைய பையும். நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து போன இடம் என்றால் ஆஸ்பத்திரி ஒன்றுதான். ரெண்டே சீட் என்ற அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எங்கேயாவது போகவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மறுநாளே அவர் குறை கண்டுபிடித்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அவருடைய கை முழுசாக நுழைந்தது. "பாரு, சேத்துல எறங்கினவன் பேன்ட்டத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் எறக்கினாத்தான் லட்சணம்" என்றார்.

இறக்கினால் குலுங்கும் என்று கேள்விப்பட்டேன். எனக்கோ இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது. குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நானும் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சீரியல் பார்த்து அழும் நேரத்தில் நான் சஸ்பென்ஷன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வந்த அழுகையாவது அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஒர்க்‌ஷாப்காரரை எல்லோரும் ஸ்பிரிங்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு கையையும் பானெட்டின் ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டு, வண்டி எழும்பும் விதத்தைப் பார்ப்பார்.

"ரோட்டுலதானே ஓட்டப் போறீங்க? ரேஸ் இல்லையே? அப்ப மூணு வழி இருக்கு. ஸ்பிரிங்க மட்டும் குட்டையா மாத்தலாம். சுலபம்தான், ஆனா பழைய ஷாக் அப்சார்பர் அந்த உயரத்துக்குப் பழகினதில்ல, சீக்கிரம் படுத்துரும். ரெண்டாவது காயில் ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டு, உயரத்தத் திருகி வச்சுக்கலாம். மூணாவது காத்துப் பை. பட்டன அழுத்தினா ஏறும், எறங்கும். எங்கயாவது கசிஞ்சா வண்டி தரையில படுத்துக்கும்."

"ஸ்பிரிங்க அறுத்துக்கூடப் போடுறாங்களாமே?" என்றார் இவர்.

"அறுக்கணும்னா கறிக்கடைக்குப் போங்க சார்."

நான் வாயைத் திறந்தேன். "காயில் ஓவர்லயே சாஃப்ட் ஸ்பிரிங் கெடைக்குமா? ரெண்டு விரல் எறங்கினா போதும். அதுக்கும் கீழ எறக்கினா குழியில விழுறப்ப, இடி தாங்க வச்சிருக்கிற ரப்பர்ல போய் முட்டும்ல?"

ஸ்பிரிங்கார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்க எந்த ஒர்க்‌ஷாப்ல வேல பாத்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். "சரி, சாஃப்டே போடுங்க. இவ இடுப்புக்காகத்தான்" என்றார்.

கல்லில் நார் உரிக்கிற மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வாக்கியத்தையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வேலை முடிகிற நாளில் ஸ்பிரிங்கார் போன் செய்தார். இவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். "வண்டியில வழக்கமா உக்கார்றவங்கள்லாம் வந்துருங்கக்கா. ஆள் உக்காந்த எடையோடதான் நான் உயரம் வைப்பேன்" என்றார். இவரிடம் சொன்னபோது, "நீ எதுக்கு அலையணும், நான் போய்ட்டு வந்துர்றேன்" என்றார். அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் இஸ்திரி போட்ட உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு எடைமேடை வைத்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தேன். முட்டி நெஞ்சுக்கு வந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஸ்பிரிங்கார் எடை காட்டும் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அக்கா உக்காந்ததும் அந்தப் பக்கம் எறங்கி, நம்பர் எல்லாம் மாறிடுச்சு. சார், லோடு ஒரு ஆள்தான்னு சொன்னீங்களே?"

"லோடா?" என்றேன்.

"டிரைவர் மட்டும்னு சார் சொன்னாரு. அதுக்கு ஏத்த மாதிரிதான் ஹார்டு ஸ்பிரிங்கா மாத்திட்டேன். உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் போன் பண்ணிச் சொன்னாரேக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

மனைவி, மருமகள், அம்மா, அண்ணி என்று பல பெயர்களில் இருந்திருக்கிறேன். லோடு ஆனது அன்றுதான். இவர் ஓடாத வண்டியை ஓட்டுகிறவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வளைவுல சாயாம நிக்கணும்னா ஹார்டாத்தான் இருக்கணும்" என்று கண்ணாடியிடம் சொன்னார்.

"அப்ப நான்?"

"நீ எங்க வரப் போற? உனக்குத்தான் இடுப்பு வலியாச்சே."

எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "அப்ப வேற யார ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

ஸ்பிரிங்காருக்குத் திடீரென்று ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டது, குனிந்து தேட ஆரம்பித்தார். இவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் நிஜமான ஆச்சரியம். "யார ஏத்தப் போறேன்? யாரையும் இல்ல. தனியா ஓட்டினாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பொய்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி, இது அதில் ஒன்று இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவளைச் சபித்திருப்பேன், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன், மகளிடம் சொல்லி அழுதிருப்பேன். காலி சீட்டிடம் தோற்றுப்போனேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்பிரிங்கார் நிமிர்ந்தார். "சார், ரோட்டு வண்டிதானே. சாஃப்ட் ஸ்பிரிங் உள்ளதான் இருக்கு, திருப்பி மாத்திரலாம். அக்கா உக்காந்திருக்கப்பவே ரெண்டு பேருக்கும் சேத்து உயரம் வச்சிர்றேன்."

நான் இவர் வாயையே பார்த்தேன். 'சரி' என்ற ஒரு சொல் போதும், இத்தனை வருஷத்தையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தேன். அவ்வளவு வெட்கம் கெட்டுப்போயிருந்தேன்.

"வேணாம். டிரைவருக்கே வைங்க" என்றார். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல், "கொஞ்சம் எறங்கேன், நம்பர் பாக்கணும்" என்றார்.

உட்காருவதைவிட அதிலிருந்து எழுவது இன்னும் கஷ்டம். ஸ்பிரிங்கார் ஓடிவந்து கையை நீட்டினார். இவருடைய கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஒரு வழியாக வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நான் இருந்த பக்கம் வண்டி மெல்ல எழும்பி நின்றது.

இவர் தலையை வெளியே நீட்டித் திரையைப் பார்த்தார்.

"ம், இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.