அண்ணன் சட்டை

"வாயைத் தொறங்கப்பா. ஒரே ஒரு கரண்டி."

அப்பா திறக்கவில்லை. பக்கவாதம் இடது கையையும் காலையும் படுக்கவைத்துவிட்டது. பிடிவாதத்துக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை. சூப் மோவாயில் வழிந்து கழுத்துத் துண்டில் இறங்கியது. மகள் துடைத்தாள்.

"பெரியவன் எங்கே?"

"வேலைக்குப் போயிருக்காங்கப்பா."

"வரட்டும். எங்கப்பாவுக்கு நான் ஊட்டினேன். எனக்கு என் பையன் ஊட்டுவான். பொம்பளைப் புள்ளை கையால வாங்கித் தின்னுட்டுப் போய்ச் சேர்ற அளவுக்கு நான் நாதியத்துப் போயிடலை."

பொம்பளைப் பிள்ளையின் கை சமைக்கலாம். படுக்கைத் துணியை அலசலாம், மலம் கழுவிவிடலாம், முதுகில் புண் வராமல் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கலாம். அதற்கெல்லாம் மானம் ஒன்றும் குறுக்கே வரவில்லை. கரண்டி வாய்க்குப் பக்கத்தில் வரும்போதுதான் வம்சம் துள்ளிக்கொண்டு எழுந்துவிடும்.

பெரியவன் என்றால் அண்ணன். லாரி கம்பெனி ஒன்றில் மேலாளர். குடியிருப்பது இதே வீட்டு மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்த அன்று உட்கார்ந்து ஊட்டினார். மறுநாள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஊட்டியதில் சூப் காதுக்குப் போயிற்று. அதற்கப்புறம் கம்பெனியில் ஓயாத மீட்டிங். அப்பாவோ பட்டினி கிடந்தார். ஊசி போட வந்த நர்ஸ், "இப்படியே போனா மூக்கு வழியா ட்யூப்தான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் தங்கை கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் ஷேவ் செய்துவிட்டுத் தடவும் லோஷனைக் கழுத்தில் கொஞ்சம் பூசிக்கொண்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்து, கட்டிலருகே உட்கார்ந்து, பேசாமல் கரண்டியை நீட்டினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதுதான் அண்ணனின் வழக்கம் என்பதால் வேஷம் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணில் புரை விழுந்திருந்த அப்பா கிண்ணத்தைக் காலி செய்தார்.

"சிங்கம்டா நீ" என்றார்.

அதிலிருந்து தினமும் சிங்கம் வேளை தவறாமல் வந்தது. அப்பாவோடு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த நண்பர் அடிக்கடி பார்க்க வருவார். அவரிடம் அப்பாவுக்கு ஒரே பெருமை. "பெரியவன்தான் ஊட்டுறான். இந்தக் காலத்துல யாருக்குய்யா இப்படி ஒரு புள்ளை?" நண்பர் மாடி ஏறிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் தடவை அண்ணன் முழித்தார். அடுத்த தடவை அடக்கமாகச் சிரித்தார். அதற்கடுத்த தடவை அவரே நம்பிவிட்டார்.

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் அவளுக்கென்று தனி பிரேக். "நிறுத்துங்க" என்று அவள் சொன்னால் மீசை முறுக்கியவன்கூட நிறுத்துவான். அவள் சொல்லி யாராவது கேட்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த இடத்துக்கும் இப்போது ஆபத்து வந்தது. "திங்கக்கிழமையும் வரலைன்னா வேற ஆள் போட்டுடுவேம்மா. தப்பா நினைச்சுக்காத" என்றாள் முதலாளியம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினாள். "அண்ணா, நாளையிலேருந்து நான் வேலைக்குப் போறேன். பகல்ல நீங்களும் அண்ணியும் மாத்தி மாத்திப் பார்த்துக்கங்க. சாயங்காலம் நான் வந்துடுவேன்."

அண்ணன் முகம் வாடிப்போயிற்று. "இதுவரைக்கும் நான் பார்க்கலையா? என் கையாலதானே சாப்பிடுறாரு? வர்றவங்க எல்லாம் சொல்றாங்களே!"

"அது நீங்க இல்லைண்ணா. உங்க சட்டை."

அண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அதானா சட்டை பூரா சூப் கறை! நான் இவரையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"அப்பாகிட்டயே கேட்டுடுவோம்" என்று அண்ணன் விறுவிறுவென்று இறங்கினார். பின்னாலேயே போன தங்கை கட்டிலருகே நின்று சொன்னாள்: "அப்பா, இத்தனை நாளா ஊட்டினது நான்தான்."

"தெரியும்" என்றார் அப்பா.

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆயுசு பூரா ரயில்ல டிக்கெட் இல்லாதவனை முழியை வெச்சே புடிச்சவன் நான். வளையலைக்கூடக் கழட்டாம வந்து உக்காந்துக்கிட்டு, பெரியவனாம்!"

"தெரிஞ்சா ஏன்பா சொல்லலை?"

"சொன்னா எப்படிச் சாப்பிடுறது? வாசக்கதவு தொறந்து கிடக்கு. வர்றவன் போறவன் கண்ணுக்கு நீலச் சட்டை தெரிஞ்சாப் போதும்."

கோபித்துக்கொள்வார் என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இது அதைவிட மோசம். பசி தீர்த்த கை யாருடையது என்று தெரிந்தே ஒவ்வொரு வாயும் விழுங்கியிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனுக்கு உயிர் வந்தது. "அப்பாவே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் என்ன? அப்படியே நடக்கட்டும். உனக்கென்ன, புருஷனா புள்ளையா? வேலை எங்கே ஓடிப்போகுது?"



திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் உடையில் வந்து, சூப் கிண்ணத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். நீலச் சட்டை அன்று அதன் சொந்தக்காரர் மேலேயே இருந்தது. அண்ணன் சிமென்ட் பூசுகிற மாதிரி கரண்டியைக் கொண்டுபோனார். அது பல்லில் இடித்தது. சூப் கொதித்தது. அப்பாவுக்குப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இவன் கையை எடுங்கடா! பாப்பா, நீ வா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தச் சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டு வா."

அண்ணன் பொத்தானைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். அப்பனுக்காகச் சட்டையைக் கழற்றித் தருவதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

"வேண்டாம்ணா" என்று அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். தலையணையை நிமிர்த்தி வைத்தாள், சூப்பை ஊதி ஆற்றினாள். "நான்தான்பா. என் கைதான். எனக்கு வேலைக்கு நேரமாச்சு. வேணும்னா தொறங்க."

அப்பா வாசலைப் பார்த்தார். "கதவையாவது சாத்துடா, பெரியவனே."

"சாத்தாதீங்கண்ணா."

கார் ஓட்டுகிறவர்களிடம் பேசும் குரல் அது. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா மகளைப் பார்த்தார், மகனின் கையைப் பார்த்தார். கடைசியில் வயிறு ஜெயித்தது. வாய் திறந்தது.

பாதிக் கிண்ணம் இறங்கும்போது நண்பர் உள்ளே வந்தார். அப்பா அவசரமாக விழுங்கினார். "பெரியவனுக்குக் கையில சுளுக்குய்யா. இல்லைன்னா இவ கையால வாங்குவேனா?"

அண்ணன் சட்டென்று வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மிச்சத்தையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நண்பர் வாசல் வரை பின்னால் வந்தார். "ஏம்மா, அண்ணன் கைக்கு ரொம்ப அடியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றாள் அவள், உள்ளே கேட்கும்படி. "புத்தம் புதுசா இருக்கு. இன்னும் உபயோகிக்கவே ஆரம்பிக்கலை."