ஜெனரேட்டர் போன இடம்

சாந்தா ருஃபினா நகரத்தில் ரூபன் அரிஸ்பேயைக் கவுன்சிலர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு வந்த பிறகு அவரும் தேர்தலில் நின்றார், ஜெயித்தார்.

இமெல்டா சவுசேதோ அவருடைய உதவியாளர். எரியாத தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை, பக்கத்து வீட்டு நாய் என்று எந்தப் புகாரானாலும் முதலில் அவள் காதில்தான் விழும். கோச்சின் காது என்றே ஊரில் அவளுக்குப் பெயர். அவள் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தாள். அவள் தம்பி போதையில் சீரழிந்து கிடந்தபோது, கோச் தானே காரோட்டிப் போய் அவனைப் போதை மறுவாழ்வு விடுதியில் சேர்த்துவிட்டு வந்தவர். அதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த பிப்ரவரியில் உறைபனி வந்தது. வெயிலென்றால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம், இது அவர்களுக்குப் பிடிபடவில்லை. மாநிலம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. குழாய்கள் வெடித்து, வீட்டுக்குள் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. வேலிப் பலகையைப் பிடுங்கி எரித்துக் குளிர்காய்ந்தவர்களும் உண்டு. கிழக்குப் பக்கத்து ஜனங்களுக்காகப் பெக்கன் தெரு சமூகக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜெனரேட்டர் வரும், ஹீட்டர் ஓடும் என்று சொல்லி வயசானவர்களையெல்லாம் அங்கே கூட்டிவந்ததே இமெல்டாதான்.

மத்தியானம் அவளும் கோச்சும் அவர் காரில் வந்துகொண்டிருந்தார்கள். ரோடு கண்ணாடி மாதிரி வழுக்கியது. நத்தை போல ஊர்ந்தார்கள். அப்போது வடக்குச் சாலை முதியோர் இல்லத்திலிருந்து போன். கோச்சின் அம்மா எர்மீனியா அங்கேதான் இருந்தாள். அவள் மூச்சு ஓடுவது ஆக்சிஜன் மெஷினால். பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

கோச் வண்டியை ஓரங்கட்டினார். நகராட்சி வண்டிகள் நிற்கும் யார்டின் மேஸ்திரி வெர்னன் லெட்பெட்டரைக் கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில் எல்லாமே கேட்டது.

"வெர்னன், அந்த ஜெனரேட்டர் வண்டி எங்க இருக்கு?"

"கிளம்பிடுச்சு சார். பெக்கன் தெருவுக்கு."

"அதை வடக்கால திருப்பு. வடக்குச் சாலை முதியோர் இல்லத்துக்கு."

"சார், பெக்கன் தெருன்னுதானே உத்தரவு. அங்க ஜனம் விறைச்சுப்போய் உக்காந்திருக்கு."

"உத்தரவை நான் பாத்துக்கறேன். அங்க இன்னொண்ணு ஏற்பாடு பண்ணிடறேன். நீ திருப்புப்பா."

"நீங்க சொல்றீங்கன்னா சரி சார்," என்றான் வெர்னன்.

இன்னொன்றுக்கு அவர் அலையாமல் இல்லை. அதை இமெல்டா பின்னாலும் மறுக்கவில்லை. கவுன்டி ஆபீஸ், தீயணைப்பு நிலையம், பக்கத்து ஊர் மேயர் என்று போன் சூடாகும்வரை கூப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பெக்கன் தெருவில் இருந்தவர்கள் கோட்டும் போர்வையுமாக ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எய்சேபியோ லெர்மா, டயர்க்கடை வைத்திருந்தவர், இதயம் பலவீனமான மனிதர். மகள் நோரா அவர் கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து போதும்மா என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லையாம்.

மின்சாரம் திரும்பி வந்ததும் ஊர் கேள்வி கேட்கத் தொடங்கியது. நகராட்சி வாசலில் டிவிக்காரப் பெண்ணொருத்தி மைக்கை நீட்டி, ஜெனரேட்டர் ஏன் பெக்கன் தெருவுக்குப் போகவில்லை என்று கேட்டாள். கோச் இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு நின்றார்.

"யார்டுல தப்பு நடந்திருக்கு. வண்டியை வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. பொறுப்பானவங்க மேல நடவடிக்கை இருக்கும்."

பின்னால் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இமெல்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அசதியில் வாய் தவறிவிட்டது, நாளைக்குத் திருத்திச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நாளை வரவேயில்லை. கவுன்சிலர் போனில் சொல்லித்தான் திருப்பினேன் என்றான் வெர்னன். அப்படிச் சொல்லவேயில்லை, அம்மா இருக்கும் இல்லத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னதை அவன்தான் குழப்பிக்கொண்டான் என்றார் கோச். போன் பேசியது உண்மை, பேசிய பேச்சுக்குத்தான் சாட்சியில்லை. வெர்னனை சஸ்பெண்ட் செய்தார்கள். அவன் வீட்டுத் தபால்பெட்டியை யாரோ கட்டையால் அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

சாட்சி இல்லை என்று ஊர் சொன்னது. இமெல்டா வாயைத் திறக்கவில்லை.

நோரா லெர்மா நகரத்தின் நெறிமுறைக் குழுவிடம் புகார் கொடுத்தாள். நகராட்சி ஆட்களின் நடத்தையை விசாரிக்க ஊர்க்காரர்களையே உட்காரவைத்த குழு அது. கோச்சின் உதவியாளர் என்ற முறையில் விசாரணைக்கு இமெல்டாவையும் கூப்பிட்டார்கள்.

அன்று மத்தியானமே கோச் அவளைப் பார்பெக்யூ கடைக்கு வரச்சொன்னார். எப்போதும் உட்காரும் மூலை மேஜை. சுட்ட இறைச்சி அவர் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்லப்போற?" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க கோச். அம்மாவுக்காகச் செஞ்சேன்னு சொன்னா இந்த ஊர்ல யாரு உங்களைத் திட்டப்போறாங்க? எனக்கே அந்த போன் வந்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா அம்மாவைப் பத்திப் பேசமாட்டாங்க, பொய்யைப் பத்தித்தான் பேசுவாங்க."

"வெர்னன் என்ன பாவம் பண்ணான்?"

"அவனுக்கு நான் வழி பண்றேன். மே மாசத் தேர்தல் முடியட்டும், நல்ல வேலையா பார்த்து உக்காரவைக்கறேன்." முள்கரண்டியால் இறைச்சியைக் கிளறினார், சாப்பிடவில்லை. "நான் தோத்தா யார் வருவான்னு உனக்கே தெரியும். நம்ம பக்கத்துக்கு வந்திருக்கிற ஒரே ஆஸ்பத்திரியை முதல் வாரத்துலயே இழுத்து மூடுவான். அதுல எத்தனை எய்சேபியோ சாவாங்கன்னு யோசிச்சியா? வேற போன்ல பேசிட்டிருந்தேன், கவனிக்கலைன்னு சொல்லு. அது போதும்."

இமெல்டா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் சொன்னதில் பாதி நிஜம்.

அவள் புருஷன் தாச்சோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"உன் தம்பி உயிரோட இருக்கான்னா அது அவராலதான்," என்றான்.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இந்தத் தெருவுல நாம இருந்தாகணும். என் பஸ்ல ஏறுற கிழவிங்க எல்லாம் கோச் கோச்னுதான் உருகுறாங்க. நீ அவரைக் கவுத்துட்டன்னா என் முகத்துல முழிக்கமாட்டாங்க."

"அப்ப பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. உன் தலையெழுத்து, நீயே எழுதிக்க," என்று பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை மளிகைக் கடையில் வெர்னனைப் பார்த்தாள். கையில் மக்காச்சோள ரொட்டிப் பொட்டலத்தோடு அவள் நின்றபோது, எதிரே அவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். திரும்பிப்போக வழியில்லை.

"கோச்சோட காது எப்படி இருக்கு? நல்லா கேக்குதா?" என்றான்.

அவள் தலை குனிந்தாள்.

"பயப்படாதீங்க மேடம், உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்போறதில்லை. ஸ்பீக்கர்ல நீங்க இருமினது எனக்குக் கேட்டுச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா உங்களைப் பொய்க்காரியாக்கிடுவாங்க, என்னை ஆக்கின மாதிரி." தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "எனக்கு உறுத்துறது இந்த வேலை போனதுகூட இல்லை. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். அந்த வண்டி எங்க போகணும்னு எனக்குத் தெரியும். பெரிய மனுஷன் சொல்றாரேன்னு திருப்பிட்டேன். அந்த டயர்க்கடைக்காரர் என் கணக்குலயும்தான் வருவார்."

அவன் போன பிறகு அவள் ரொட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

விசாரணை நகராட்சி மன்றத்தில் நடந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். பழைய பேஸ்பால் பிள்ளைகள் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எர்மீனியா. அம்மா உட்கார்ந்திருந்தால் குழுவுக்கு மனசு இளகும் என்று கோச்சின் வக்கீல் யோசனை சொல்லியிருக்க வேண்டும். கிழவிக்குக் காது மந்தம். மகனுக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, நல்ல உடுப்பு உடுத்தி, உதட்டுச் சாயம் பூசி, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இமெல்டாவைக் கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

கவனிக்கவில்லை என்று சொல்லத்தான் இமெல்டா அன்று காலையில் கிளம்பினாள். அந்த ஒரு வரியைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப்பார்த்தும் இருந்தாள். சாட்சி மேஜைக்கு நடந்து போகும்போது நோராவைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நோரா அவளை முறைக்கவில்லை, கெஞ்சவில்லை. பெக்கன் தெருவுக்கு வாங்க, ஹீட்டர் வரும் என்று தன் அப்பாவுக்குக் கைகொடுத்து வேனில் ஏற்றிய பெண் இவள் என்பது மட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

குழுத் தலைவி திருமதி க்ரெனெக், மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவள். உண்மையே பேசுவதாக உறுதிமொழி வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பேச்சு நடந்தப்ப நீங்க கார்ல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என்ன பேசினாங்கன்னு கேட்டுச்சா?"

இமெல்டா கோச்சைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு," என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. நர்ஸின் போனிலிருந்து வெர்னன் தயங்கியதுவரை நடந்தது நடந்தபடி சொன்னாள். இன்னொரு ஜெனரேட்டருக்கு அவர் பட்ட பாட்டையும் விடாமல் சொன்னாள். முன்வரிசையில் ஒருவன் துரோகி என்று முணுமுணுத்தான். திருமதி க்ரெனெக் மேஜையைத் தட்டினாள்.

சத்தம் கூடியதும் எர்மீனியாவின் சிரிப்பு குறைந்தது. மகன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா சொல்றா அவ? எல்லாரும் ஏன் என்னைப் பாக்கறாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்."

"என்ன? சத்தமா சொல்லுடா."

"அப்புறம்மா."

"என்னைப் பத்தி ஏதோ பேசறாங்க. இப்பவே சொல்லு."

வக்கீல் அவர் தோளைத் தொட்டார். கோச் அந்தக் கையை விலக்கிவிட்டு நாற்காலியின் முன்னால் மண்டியிட்டார். அம்மாவின் காதோரம் வாயை வைத்தார். காதோரம் வைத்தும் பயனில்லை, உரக்கச் சொன்னால்தான் அவளுக்குக் கேட்கும்.

"அன்னிக்கு உன் மெஷினுக்கு கரன்ட் வந்துச்சில்லம்மா. அது பெக்கன் தெருவுக்குப் போகவேண்டிய ஜெனரேட்டர். நான்தான் திருப்பச் சொன்னேன்."

"பெக்கன் தெருவுக்கா? அங்கதானே எய்சேபியோ..." கிழவி பாதியில் நின்றாள்.

"ஆமாம்மா."

"அந்த யார்டுக்காரன் பண்ணினான்னு டிவில சொன்னியே."

"பொய்ம்மா."

ஆக்சிஜன் மெஷின் விட்டுவிட்டு மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. எர்மீனியா மகன் தலையில் கைவைத்தாள். அடிக்கப்போகிறாளா, தடவப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கை அப்படியே கிடந்தது. வெளியில் கூட்டிட்டுப் போ என்றாள் கடைசியில்.

அந்தக் குழுவால் செய்ய முடிந்ததெல்லாம் கண்டனம் தெரிவிப்பதுதான். தெரிவித்தார்கள். வெர்னனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மேஸ்திரியாக இல்லை. நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த வேறொரு யார்டில், வேறொருவனுக்குக் கீழே. இமெல்டாவைப் போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளே வேலையை விட்டு மேஜையைக் காலி செய்தாள். தாச்சோ சொன்னது பலித்தது. பஸ்ஸில் கிழவிகள் அவனோடு பேசாமல் இறங்கிப்போனார்கள். தம்பி மட்டும் ஒருநாள் வந்து, சாப்பிட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் சமையல்கட்டைக் கழுவிக்கொடுத்துவிட்டுப் போனான்.

மே மாதம் கோச் மறுபடி ஜெயித்தார். பெற்றவளைக் காப்பாற்றின பிள்ளைக்கு ஓட்டுப் போடாமல் யாருக்குப் போடுவது என்றார்கள்.

அடுத்த வாரம் எர்மீனியா போன் செய்தாள். "எய்சேபியோ மகளைப் பாக்கணும். இவன் கூட்டிட்டுப் போகமாட்டேங்கறான். நீ வர்றியா?"

இமெல்டா போய் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. நோரா வீட்டு வாசலில் சக்கர நாற்காலியை இறக்கி, மெஷினைக் கிழவியின் மடியில் வைத்து, கதவைத் தட்டினாள். திறந்த நோரா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கன்னு கேக்கறதுக்கு வந்திருந்தா வேண்டாம்," என்றாள், கிழவிக்குக் கேட்கும்படி சத்தமாக. "உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆனா உங்களைப் பாத்தா எங்கப்பா ஞாபகம்தான் வருது. அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணவேண்டாம்," என்றாள் எர்மீனியா. "நான் கேக்கலைம்மா. அந்த ஜெனரேட்டர் விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நீ தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் வந்தேன்."

நோரா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள். உள்ளே வரச்சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. வெயில் ஏறுது, அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க என்று இமெல்டாவிடம் சொன்னாள்.

இமெல்டா எர்மீனியாவை ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குத் திரும்பினாள். இல்லத்தின் வாசலில் கோச்சின் கார் நின்றது. அவரே வந்து நாற்காலியை இறக்கி, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார்.

"அவ கதவைத் திறந்தாளா?" என்று இமெல்டாவிடம் கேட்டார்.

"திறந்தா."

"நான் ரெண்டு தடவை போய்த் தட்டினேன், திறக்கலை," என்றார். அம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இமெல்டா கார்க் கதவைச் சாத்தினாள். பிறகு தாச்சோவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நேரமாயிற்று என்று வண்டியைக் கிளப்பினாள்.