கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழி

கிழக்குக் கரை மேற்குக் கரையோடு சேர மறுத்தது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சாப்பாட்டு மேசை முழுக்க விரித்திருந்த காகிதத்தை எழுந்து நின்று பார்த்தார். படகுத்துறையில் கிளம்பி வலது பக்கமாகத் தீவைச் சுற்றினால் ஒரு குளம் வருகிறது. இடது பக்கமாகச் சுற்றினாலும் அதே குளம்தான். அதே சாய்ந்த மரம், அதே உடைந்த படிக்கட்டு. காகிதத்திலோ அந்த ஒரே குளம் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடங்களில் கிடந்தது. குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் குழாய்ப் பாதைகளை வரைந்தே தலை நரைத்தவருக்கு இது மானப் பிரச்சினை.

"நீ நடந்ததுலதான் எங்கயோ தப்பு," என்றார்.

டிவியில் அந்தத் தீவு விளையாட்டை ஆடியபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி திரும்பாமலே சிரித்தாள். "நான் நடந்ததுல தப்பா? ஊருக்கே வழி சொன்னவ நானு. உங்க ஸ்கேல எலி கடிச்சிருக்கும், பாருங்க."

ஊருக்கே வழி சொன்னவள் என்பது வெறும் வாய்ச் சவடால் இல்லை. அவள் டாக்ஸி ஓட்டியவள். கல்யாணத்துக்கு முன்பே ஸ்டீயரிங் பிடித்தவள். மகள் வயிற்றில் இருந்தபோதுகூட இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஓட்டினாள். எந்தத் தெரு எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும், எந்தச் சந்து எந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் முட்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். ஸ்டாண்டில் புதிதாக வருகிறவர்கள் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தால், "அதைக் கேட்டுப் போனா கல்யாணத்துக்குப் போறவன் கருமாதிக்குத்தான் போய்ச் சேருவான்" என்று கிண்டல் செய்வாள். அவர் நேர்மாறு. நகரத்தின் பூமிக்கடியில் ஓடும் ஒவ்வொரு குழாயும் அவருக்குக் காகிதத்தில் அத்துப்படி. தெருவில் இறங்கிவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் முழிப்பார். கல்யாணமான புதிதில் தன் அலுவலகத்துக்கே அவளிடம் வழி கேட்டவர். அந்தக் கதையை அவள் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், ஆயிரம் தடவை திரும்பிய நாற்சந்தியில், பச்சை விளக்கு வந்தும் வண்டியை எடுக்காமல் நின்றாள். விளக்கு சிவந்தது, மறுபடி பச்சையானது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. பயணி திட்டிக்கொண்டே இறங்கிப்போனார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கையில் இருந்த பொருள் நழுவியதுபோல் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். வெயில், களைப்பு, வயசு என்று இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அது மூன்றாவது முறை நடந்தபோது டாக்டரிடம் போனார்கள். "இவ்ளோ சின்ன வயசுல இது வரக்கூடாது," என்றார் டாக்டர், ஏதோ அவள் அவசரப்பட்டு வந்துவிட்டதுபோல. திரும்பி வரும்போது அவளே ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, அவளைச் சொந்த அக்காவாக நினைக்கும் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லாததால் அவருக்கு மொட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டிருந்தது. "இனிமே நீ ஓட்டுடா மொட்டை. கிளட்ச்சு கொஞ்சம் ஹார்டு. ஸ்டீயரிங் லாக்கு விழாது," என்றாள். வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.

விளையாட்டை வாங்கிக் கொடுத்தது மகள். வேறு ஊரில் வேலை செய்பவள், லீவில் வந்தபோது டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சண்டையில்லை, சுடுவதில்லை. மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் ஒரு தீவில் நடந்துகொண்டே இருப்பாள். கூடவே காற்றும் கடல் சத்தமும். எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வரைபடம் என்று ஒன்று அதில் கிடையாது. எங்கே நின்றாலும் வடக்கே தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் தெரியும், அவ்வளவுதான். கடைக்குப் போய்த் திரும்பத் தடுமாறுகிறவள் அந்தத் தீவில் ஒருமுறைகூட வழி தவறவில்லை. அதை அவர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மறுநாளே அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய காகிதச் சுருளோடு வந்தார்.

அவள் நடப்பாள், அவர் வரைவார். மழைக்கோட்டுக்காரியின் காலடிச் சத்தத்தை எண்ணித் தூரம், நிழல் விழும் பக்கம் பார்த்துத் திசை. பெயர் வைப்பது அவள் வேலை. நடுவில் பலகை போன பாலம் ஓட்டைப் பாலம். எப்போதும் பனி மூடியிருக்கும் குளம் தூங்குமூஞ்சிக் குளம். ஏறினால் மூச்சு வாங்க வைக்கும் குன்றுக்கு அவருடைய அக்காவின் நினைவாக நாத்தனார் மேடு. மகள் போனில் சிரித்தாள். "அப்பா, இதுக்கெல்லாம் நெட்ல மேப் கெடக்கும்ப்பா. அனுப்பட்டா?"

"வேணாம்மா."

"ஏம்ப்பா கஷ்டப்படுறீங்க?"

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். மனைவிக்கும் தனக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வேலை கிடைத்தது இந்த முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சேராத கரையின் மர்மத்தைக் கடைசியில் அவள்தான் அவிழ்த்தாள். மேற்கே ஒரு குகை இருந்தது. அதற்குள் நுழைந்து வெளியே வர ஆகும் நேரத்துக்கும், வெளியே அந்தப் பாறை இருக்கிற அகலத்துக்கும் சம்பந்தமே இல்லை. விளையாட்டைச் செய்தவர்கள் அங்கே சத்தமில்லாமல் ஏமாற்றியிருந்தார்கள். "உள்ள நடக்கறப்ப தூரம் ஜாஸ்தி. வெளியேருந்து பாத்தா இத்தனூண்டு. அவ்ளோதாங்க," என்றாள். அவர் குகையைக் குறுக்கி வரைந்தார். இரண்டு குளங்களும் ஒன்றாயின. அன்றைக்கு அவளே போன் போட்டு மகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு தீவு வீட்டுக்குள் கசியத் தொடங்கியது. தெருமுனைக் கல்வெர்ட்டைக் காட்டி, "ஓட்டைப் பாலம், பாத்து வாங்க," என்றாள். முதலில் அவர் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். மாடிப்படி நாத்தனார் மேடு ஆயிற்று. மழை பெய்யாத நாளிலும் மழைக்கோட்டைத் தேடினாள். ஒருநாள் மருந்துக்கடை வாசலில், கடைக்காரருக்கு முன்னாலேயே, படகு எப்போது வரும் என்று கேட்டாள். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எந்தப் படகு? இங்க ஏது படகு? இது தெருடி! நீ வண்டி ஓட்டுன தெரு!"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். தன்னை ஏமாற்றியது இந்த இரண்டில் எது என்று தேடுகிறவள்போல் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கத்தாதீங்க, பாக்கறாங்க," என்றாள் மெதுவாக. வீடு வரும்வரை அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அவர் எதையும் திருத்தவில்லை.

தீவிலும் அவள் வேகம் குறைந்தது. தெரிந்த பாதைகளில் நின்று நின்று போனாள். எல்லாப் பாதைகளையும் விட்டுவிட்டு, கலங்கரை விளக்கம் ஒன்றையே பிடித்துக்கொண்டாள். வடக்கே போகிற எல்லா வழியும் பாறையில் முட்டி நின்றது. "தண்ணிய வலது கைப்பக்கம் வச்சிக்கணும். வேற எதையும் பாக்கக்கூடாது. விடாம நடந்தா லைட் ஹவுஸ் வந்துரும்," என்று அவருக்குப் பாடம்போல் சொன்னாள். காலையில் ஒரு தரம், காபி குடிக்கும்போது ஒரு தரம். அவர் சரி சரி என்று தலையாட்டினார்.

அவர் அலுவலகத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அம்மாள் இருந்தார். மதியம் அந்த அம்மாள் கண் அசந்து எழுந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்திருக்கிறது, அவளைக் காணோம். போன் வந்து அவர் ஓடிவந்தபோது டிவியில் மழைக்கோட்டுக்காரி ஒரு பாறை முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மொட்டைக்குச் சொன்னதும் ஸ்டாண்டே கிளம்பிவிட்டது. அவள் வழக்கமாகச் சவாரி எடுக்கும் ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, அவள் டீ குடிக்கும் கடை என்று ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் என்ன கலர் புடவை என்று கேட்டார்கள். அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவளைப்போலவே தனக்கும் ஆகிவிட்டதோ என்று பயந்தார்.

"மாமா, நீங்க வீட்லயே இருங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றார் மொட்டை போனில்.

வீட்டில் இருக்க முடியவில்லை. பின்வாசல் கதவும் தாழிடாமல் கிடந்ததை அப்போதுதான் கவனித்தார். அதற்கு அந்தப் பக்கம் மழைநீர்க் கால்வாய். கதவைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் தண்ணீர் வலது கைப்பக்கம் வரும். எல்லோரும் அவள் ஓட்டிய ஊரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

கால்வாய்க் கரை மனிதர் நடக்கிற இடமில்லை. குப்பையும் முள்ளும் உடைந்த சிமெண்டுக் குழாய்களும். ஒரு மெக்கானிக் கொட்டகையின் பின்புறம், பிறகு துணி காயும் கொல்லைகள், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். இந்தக் கால்வாயை அவர் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். இரண்டு நீலக் கோடுகள். அதன் நாற்றம் இப்படி இருக்கும் என்று தெரியாது. வேலியில் சிக்கி ஒரு நூல் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள். மஞ்சள் புடவை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கால்வாய் ஒரு தொழிற்சாலைச் சுவருக்கடியில் புகுந்து மறைகிற இடத்தில் அவள் இருந்தாள். சுவரைப் பார்த்து, மூக்கு அதில் உரசுகிற நெருக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்றும் சொல்ல முடியாது. கால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே மாறி மாறி அடி வைத்துக்கொண்டிருந்தன. நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பாதத்தில் ரத்தம். அவர் அருகில் போய்த் தோளைத் தொட்டார்.

"இதுக்கு மேல போக விடமாட்டேங்குது," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய் எங்கே வெளியே வருகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "நாளைக்குப் பாக்கலாம்மா. இன்னைக்கு இவ்ளோ போதும்," என்றார். அவள் கால்கள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒன்றை யாரோ அணைத்ததுபோல் அவர் மேலேயே சரிந்தாள்.

அவர் போன் போட்டதும் தொழிற்சாலை வாசலுக்கு மொட்டை வண்டியோடு வந்தார். "அக்கா" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் பின்கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சுற்றிப்போய், டிரைவர் பக்கக் கதவில் கைவைத்து நின்றாள். மொட்டை அவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மொட்டை சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து கொடுத்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை காத்திருந்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தில் சுண்ணாம்புக்கு நடுவே நல்ல, பழகிய, தொழில்காரச் சிரிப்பு.

"எங்க சார் போகணும்?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. வெளியே சாயங்கால வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் டிபன் டப்பாக்களோடு கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நேராப் போங்கம்மா," என்றார். "பாலம் ஒண்ணு வரும். பாத்துப் போங்க, நடுவுல பலகை இல்ல. அப்புறம் ரைட்டு."

"தெரியும் சார்," என்றாள்.

பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாள். வலது இண்டிகேட்டரைத் தட்டினாள். சாவி இல்லாத வண்டியில் எந்த விளக்கும் மின்னவில்லை. அவள் ஸ்டீயரிங்கை மெதுவாக வலப்பக்கம் ஒடிக்க, முன்சக்கரம் மண்ணில் நெரிந்து திரும்பியது. வண்டிக்கு முன்னால் நின்றிருந்த மொட்டை அதைக் கவனித்தார். கையில் துண்டோடு, இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டு நின்றார்.