பனிமணிப் பந்தயம்

இருபத்து மூன்று வருடம் பக்கத்து வீட்டு வியேனோவிடம் தோற்றவள் நான். ஃபின்லாந்தில் ஐந்தாறு மாதம் பனியைப் பார்த்து அலுத்தவர்களுக்குத்தான் முதல் பூவின் அருமை தெரியும். பனியைத் துளைத்துக்கொண்டு வரும் பனிமணிப் பூ யார் தோட்டத்தில் முதலில் விரிகிறது என்று எங்கள் இருவருக்கும் பந்தயம். தோற்றவள் ஏலக்காய் போட்டு புல்லா என்ற இனிப்பு ரொட்டி சுட்டு, ஜெயித்தவள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

பனியைத் துடைப்பத்தால் தள்ளுவது கள்ளாட்டம். ஒரு வருடம் பொறுக்க மாட்டாமல் கெட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, அவளிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவளுடைய பாத்தியோ சவுனாக் குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தது. சனிக்கிழமைதோறும் அடுப்பு மூட்டினால் மண்ணுக்கும் சூடு கிடைக்கும். அது மட்டும் கள்ளாட்டம் இல்லையாம். முணுமுணுத்துக்கொண்டேதான் ரொட்டியோடு போவேன். அவள் காபி போடுவாள். போய்ச் சேர்ந்த எங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். அந்தச் சமையலறை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

போன கோடையில் இடுப்பெலும்பு முறிந்து வியேனோ முதியோர் இல்லத்துக்குப் போனாள். வீட்டை வாங்கிய இளம் ஜோடி பாத்தியைத் தோண்டியெறிந்து, கல் பாவி, காரை நிறுத்தினார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில் என் ஆப்பிள் மரத்தடியில் முதல் பூ விரிந்தது. சந்தோஷம் வரும் என்று பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. பாத்தி போன விஷயத்தை அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. உள்ளே போய் மாவு பிசைந்தேன்.

"என்னடி ஈர்யா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? தோத்துட்டியா?" என்றாள் வியேனோ, முதியோர் இல்லக் கட்டிலில் இருந்தபடி.

"தோத்துட்டேன். உன்னோடது நேத்தே பூத்தாச்சு. இந்தா, பறிச்சுட்டு வந்தேன்."

ரொட்டியை அவள் தொடவில்லை. பூவை விரலால் நிமிர்த்தி உள்ளே பார்த்தாள்.

"இது உன் பூ. என்னோடது அடுக்குப் பூடி, உள்ள ரோஜா மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருப்பியா நீ?"

பார்த்ததில்லை. ஜெயித்தவளின் பூவுக்கு முன்னால் குனிய என் வீம்பு விட்டதில்லை.

"என் பாத்தியை எப்போ தோண்டினாங்க?"

"அக்டோபர்ல. கார் நிறுத்த."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பூவைத் தலையணைமேல் வைத்தாள். "அப்போ ஜெயிச்சது நீ. ரொட்டி நான்தானே சுட்டிருக்கணும்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தோத்தப்ப எல்லாம் ஒரு சொட்டு கண்ணீர் வரலை இவளுக்கு," என்றபடி வியேனோ ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். "தின்னுடி. ஜெயிச்சவதானே முதல்ல திங்கணும்."