இன்றியும் அமைவது

1

"அப்பா, கடவுள் யாருக்காவது தேங்க்ஸ் சொல்வாரா?"

என் மகள் ஆறு வயதில், ஷூ மாட்டிக்கொண்டே கேட்டது. "நேரமாச்சு, கிளம்பு" என்றேன். பதில் தெரியாத அப்பாக்களுக்கெல்லாம் நேரமாகிவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்து நின்றதோ ஓர் அலுவலக அறை. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை.

2

முதல் தொடக்கம்: 'இறையியலில் ஆங்கிலச் சொற்களின் ஆதிக்கம் என்பது...'

(வேண்டாம். இரண்டாம் வரியிலேயே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: மெய்யியலிலும் இறையியலிலும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் அகராதி தயாராகும் அறை. சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. தமிழ்ச் சொல்லைத் தந்தவர் யாரோ, அவருடைய இரண்டெழுத்துக் குறி சீட்டின் வலது மூலையில் இருக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் தொகுப்பாளர், கண்ணை மூடி ஒரு நிமிடம் பிரார்த்தித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். இன்னொருவர் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் பெண், தற்காலிக வேலை. முதல் தொகுதி முடியப்போகிறது. ஒரு சீட்டிலாவது குறி இருப்பவர்களுக்கே இரண்டாம் தொகுதியில் வேலை. அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

3

மூன்று வாரமாக 'காண்டின்ஜென்ட்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார் தொகுப்பாளர். ஒன்று இருக்கிறது, ஆனால் இருந்தே தீரவேண்டும் என்றில்லை. கடவுளைத் தவிர மற்ற எல்லாமே அப்படித்தான் என்பது இறையியலாரின் கணக்கு.

"தற்செயல்னு போட்டுடலாமாம்மா?"

"அது லாட்டரி சார்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெசசரிக்கு இன்றியமையாததுன்னு போட்டிருக்கீங்க. அப்போ இது இன்றியும் அமைவது. என் வேலை மாதிரி."

"ஏம்மா இப்படிச் சொல்ற?"

"பின்ன? நான் வரலைன்னா ஆபீஸைப் பூட்டிடுவாங்களாக்கும்!"

அவர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார். நாலாயிரம் சீட்டில் பழகிய கை, மூலையில் தன் குறியையே போட்டுவிட்டது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: 'பழகிய கை' என்று எழுதியபோது அவரைக் காப்பாற்றுகிறேனோ என்று தோன்றியது. அன்று அது பழக்கம்தான். மறுநாள் நடந்தது அப்படியல்ல.)

மறுநாள் குழுக் கூட்டம். தலைவர் சீட்டைப் படித்தார். "பிரமாதம்யா! உம்ம வேலையா?"

தொகுப்பாளர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவளுடைய விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஓடின.

4

அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருந்தால் எனக்குக் கதை எழுதுவது சுலபம்.

வெள்ளிக்கிழமை மேசையைக் காலிசெய்யத் தொடங்கினாள். சீப்பு, மாத்திரை அட்டை, பிள்ளையின் ரப்பர் ஒன்று.

"சார், நாளையோட எனக்கு முடியுது. ரெண்டாம் தொகுதி ஆள் பட்டியலைத் திங்கக்கெழம போடுறாங்களாம்."

"இரும்மா, பாப்போம்."

"பாருங்க, பாருங்க. ஒரு வார்த்தையையே மூணு வாரம் பாத்த ஆளாச்சே!"

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அவர் கண்ணை மூடினார். பிரார்த்தனை வரவில்லை.

ஒரு முடிவு: அவர் குழுவின் முன் எழுந்து உண்மையைச் சொல்கிறார். நான்கு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. எல்லோரும் கைதட்டுகிறார்கள், அவருக்கு. அவளுடைய ஒரே சொல்லை வைத்து அவர் இரண்டாம் முறை பாராட்டு வாங்குகிறார். கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவு: அவளிடமே மன்னிப்புக் கேட்கிறார். 'பரவாயில்ல சார்' என்பாள். அதையும் அவளே கொடுக்க வேண்டும், அவர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக... (இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை.)

5

இரண்டாம் தொகுதிக்கு அவள் வந்தபிறகு யாருக்கு நன்றி சொன்னாள், தலைவருக்கா, பட்டியல் எழுதியவருக்கா, ஒருநாள் அந்தச் சீட்டு அவள் கண்ணில் பட்டதா, பட்டபோது தொகுப்பாளரை நிமிர்ந்து பார்த்தாளா? இதெல்லாம் உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதினால் என்னைவிட இரக்கத்தோடு எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். என்னால் எழுத முடிவது அந்த வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்.

அறையில் அவர் மட்டும் இருந்தார். ஒரு புதுச் சீட்டை எடுத்தார். ஆங்கிலச் சொல்லை எழுதினார். எதிரே 'இன்றியும் அமைவது' என்று எழுதினார். வலது மூலையில் அவளுடைய இரண்டெழுத்தை இட்டு, மை உலரும்வரை காத்திருந்தார். பழைய சீட்டை நான்காகக் கிழித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதியதை அதன் இடத்தில் செருகி, இழுப்பறையைத் தள்ளி மூடினார்.