நாலாவது ஒயர்

வடக்குச் சித்திரை வீதியில் அழகியமணவாளன் வீட்டு நியூட்ரல் ஒயர், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டை விட்டுப் போய்விட்டது. மெயின் போர்டிலிருந்து தன் நுனியைத் தானே கழற்றிக்கொண்டு, சுவரோடு ஓடிய மரச்சட்டத்திலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு, வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கியதைக் கோலமாவு விற்கிறவள் பார்த்திருக்கிறாள். கறுப்பு நிறம், நாற்பது மீட்டர் நீளம் இருக்கும். கோபுரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தலை தாழ்த்தியதாகவும் சொல்கிறார்கள், அதற்குச் சாட்சி கிடையாது. பிறகு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் சின்னையனுக்குக் குழப்பம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, ஒயர் ஆணா பெண்ணா என்று யாரைப் போய்க் கேட்பது? லக்கேஜ் டிக்கெட்டாகக் கிழித்து அதன் நுனியில் செருகிவிட்டார். காவிரிப் பாலம் வந்தபோது ஜன்னலோரமாகச் சுருண்டு உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்ததாம், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஜங்ஷனில் இறங்கி, கருமண்டபம் வரை தரையோடு ஊர்ந்தே போய், ஒரு மாடி வீட்டுக் கதவைத் தட்டியது. கதவைத் திறந்தவள் அரவிந்தவல்லி, அழகியமணவாளனின் தங்கை.

அந்தச் சித்திரை வீதி வீட்டை, அவர்கள் பேச்சில் 'ஆம்', பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முன்வாசல் வீதியிலும் கொல்லை பின்சந்திலுமாக ரயில் பெட்டி மாதிரி நூற்றைம்பது அடி நீளம். அப்பா ஆசார்யன் திருவடி அடைந்தபோது பிள்ளைகள் மூன்று, பெண் ஒன்று. மூத்தவர் அழகியமணவாளன் இன்சூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், காகிதத்தில் ஒரு காற்புள்ளி தப்பினால் சோறு இறங்காத மனுஷர். அடுத்தவர் லக்ஷ்மிகாந்த், ஸ்கூல் வாத்தியார். கடைசி மாதவன், கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். அரவிந்தவல்லி அவனுக்கு நேர் மூத்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருஷம் அவரைத் தூக்கி உட்கார்த்தி, வேஷ்டி மாற்றி, நெற்றிக்கு இட்டுவிட்டது அவள்தான். காரியமெல்லாம் முடிந்த கையோடு மூத்தவர் ஒரு காகிதத்தை நீட்டி, "ஒண்ணுமில்லைடி, வெறும் ஃபார்மாலிட்டி. நீ ஒருத்தி ஒதுங்கிண்டா பத்திரம் சுளுவா முடிஞ்சுடும்" என்றார். விடுதலைப் பத்திரம் அது, வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது. அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாசமே, வேலைக்குப் போக சௌகரியம் என்று கருமண்டபத்தில் அவளுக்கு வாடகை வீடும் பார்த்துக் கொடுத்தார்கள். என்ன கரிசனம் பாருங்கள்!

மூத்தவர் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் முப்பத்திரண்டு பக்கம். கிணறு யாருக்கு எந்தக் கிழமை, தென்னை எத்தனை, வெண்கல உருளி எவருக்கு, எல்லாம் இருந்தது. மூன்று ஃபேஸ் கரண்டையும் அவர் விடவில்லை. சிவப்பு மூத்தவருக்கு, மஞ்சள் நடுப்பிள்ளைக்கு, நீலம் கடைசிக்கு. "அந்தக் கறுப்பு?" என்று லக்ஷ்மிகாந்த் கேட்டபோது, மூத்தவர் டெஸ்டரை எடுத்து நியூட்ரலில் வைத்துக் காட்டினார். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை. "பாத்தியா, இதுல ஒண்ணுமே இல்லை. இதை யாரு எடுத்துண்டா என்ன?" என்றார். முப்பத்திரண்டு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

இந்தத் தப்பை ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள், அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. டெஸ்டர் எரியவில்லை என்றால் அங்கே அழுத்தம் இல்லை என்றுதான் அர்த்தம். ஃபேஸில் வந்த கரண்ட் ஃபேனைச் சுற்றி, மாவை அரைத்து, வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிற வழி நியூட்ரல்தான். அந்த வழியை எடுத்துவிட்டால் கரண்ட் சும்மா இருக்குமா? ஒரு வீட்டுக் கரண்ட் அடுத்த வீட்டு ஃபேஸ் வழியாகத் திரும்பப் பார்க்கும். எல்லாருக்கும் இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒருவருக்கு நூறு வரும், இன்னொருவருக்கு முந்நூற்றைம்பது வரும். யார் நிறைய இழுக்கிறாரோ அவருக்குக் குறையும், சிவனே என்று இருக்கிறவர் தலையில் ஏறும்.

முதல் நாள் லக்ஷ்மிகாந்த் வீட்டில் கீசரைப் போட்டார்கள். அவர்கள் பல்பு மின்மினி அளவுக்குச் சுருங்கியது. கரண்ட் அடுப்பில் வைத்த சாத்தமுது, அதாவது ரசம், மறுநாள் மத்தியானம் கொதித்தது. அந்த வாரம் பூரா அவருக்குத் தாடிகூட வளரவில்லை, ஸ்கூலில் எல்லாரும் விசாரித்தார்கள். அதே நேரம் முன்கட்டில் மூத்தவர் வீட்டுப் பெருமாள் விளக்கு, பத்தே வாட் பல்பு, அடித்த வெளிச்சத்தில் கோபுரத்துக் கிளிகள் பொழுது விடிந்ததென்று கிளம்பி முசிறி வாழைத்தோப்பு வரை போய் ஏமாந்து திரும்பின. கொல்லைக்கட்டில் மாதவன் வீட்டு மிக்ஸி அரிசியை மாவாக்கி, மாவைப் புகையாக்கி, ஜன்னல் வழியாக வெளியே அனுப்பியது. அவன் டி.வி.யில் செய்தி வாசித்தவள் இன்றைய செய்தியை முடித்த வேகத்தில் நாளைய செய்தியையும் வாசித்துவிட்டாள். விசேஷமாக ஒன்றும் இல்லை, மழை வரும் என்றாள், வந்தது. அண்ணன் தம்பிகள் மூவரும் என் கரண்டை நீ திருடுகிறாய் என்று ஒருவரை ஒருவர் ஏச ஆரம்பித்தார்கள்.

லைன்மேன் வெள்ளைச்சாமி வந்தார். வையம்பட்டிக்காரர், முப்பது வருஷமாகக் கம்பத்தில் ஏறி இறங்குகிறவர். மத்தியானம் புது நியூட்ரல் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அதுவும் கழன்று பஸ் ஏறிவிட்டது. அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. "நான் மாட்டுறேன் சாமி, அது போயிடுதுங்க. ஒயர் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. இருக்கப் பிடிக்கலைன்னா நான் என்ன செய்யறது?" என்றார். மூன்று வீடும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுத்தால் நியூட்ரல் இல்லாமலேகூட ஓட்டலாம், அதற்கு இவர்கள் ஒத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமைக்குள் நியூட்ரல் நிலைக்காவிட்டால் லைனைக் கழற்றிவிடுவேன், வீடு பற்றிக்கொள்ளும் என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டுப் போனார்.

பட்டால்தானே தெரியும். மூன்று வீடும் ஒரே அளவுதான் இழுக்க வேண்டும் என்று மூத்தவர் சட்டம் போட்டார். மூத்தவர் மனைவி மாதுரி முற்றத்தில் பூஜை மணியோடு நின்றாள். மணி ஒரு தடவை அடித்தால் மூன்று வீட்டிலும் ஃபேன், இரண்டு தடவை அடித்தால் மூன்று வீட்டிலும் மிக்ஸி, மூன்று தடவைக்குக் கீசர். மூன்று வீட்டிலும் ஒரே துவையல், ஒரே நேரத்தில் குளியல். ஆச்சரியம் என்னவென்றால் நாலு நாள் ஒரு பல்பும் சிமிட்டவில்லை. ஐந்தாம் நாள் ஏகாதசி சேவைக்குப் போக, சட்டம் போட்ட அதே அழகியமணவாளன், மணி அடிக்காமல் ரகசியமாக வேஷ்டியை இஸ்திரி போட்டார். லக்ஷ்மிகாந்த் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு தடவை இருமி நின்றது. மாதவன் லேப்டாப் பொரிந்த அப்பளம் மாதிரி உப்பியது. மரச்சட்டம் ஒரு ஜாண் தூரத்துக்குக் கருகிப் புகை வந்தது. பெண்டுகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த நேரம் வந்து மெயினை இறக்கி வைத்த வெள்ளைச்சாமிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "நாலு ஒயரும் கருமண்டபத்துல உங்க தங்கச்சி வீட்டு ஆணியில தொங்குதுங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்."

அரவிந்தவல்லி யாரையும் கூப்பிடவில்லை. அவளுக்கே ஆயிரம் கவலை. வீட்டுக்காரர் தை பிறப்பதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பதினோரு வீடு ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் கேட்ட முதல் கேள்வி, "கூட யார் இருக்கா?" நாற்பத்தாறு வயசில் இதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. அப்பா போன அன்றுகூட அழாதவள், முதல் ஒயர் வந்து காலடியில் சுருண்டு படுத்தபோது உட்கார்ந்து அழுதாள். வகுப்பில் இருபது வருஷமாக நியூட்ரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தன்னையும் டெஸ்டர் வைத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். போய் ஒண்டிக்கொள்ள ஒரு மூலை வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் தன் பங்கு வேண்டும், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள், அதுவே பெரிய அதிசயம் என்று தெருவில் சொன்னார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்ததிலிருந்து நடந்ததெல்லாம் சொல்லி, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சினார்கள். நாலு சுருள் ஒயரையும் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். வெள்ளைச்சாமி மெயினை ஏற்றி மீட்டரோடு நின்றிருந்தார். அவள் வலது காலை வாசற்படிக்குள் வைத்ததும், ஒரு ஒயரும் மாட்டாமலே, மூன்று கட்டிலும் விளக்குகள் ஒரே சீராக நின்றன. "இருநூத்தி முப்பது! மூணு வீட்டுலயும் இருநூத்தி முப்பதுங்க!" என்று கத்திவிட்டார் மனுஷர். மூத்தவருக்கு முகமெல்லாம் பல். "நடு ரூம்ல நீ இருந்துக்கோடி அரவிந்தி. யாரு வேண்டாம்னா?" என்றார்.

"இருந்துக்கோன்னு சொல்றவா நாளைக்கு எழுந்து போன்னும் சொல்லலாம்ணா. நாலு குழந்தை பொறந்த ஆம் இது. நாலு பாகமா எழுதுங்கோ."

"நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே?"

"போட்டேன். படிச்சவ, படிக்காம போட்டேன், அது என் தப்பு. டெஸ்டரை வெச்சு இதுல ஒண்ணுமில்லைன்னேளே, அது உங்க தப்பு. உங்க மூணு பேர் ஆத்துலேர்ந்தும் போறதெல்லாம் எது வழியாத் திரும்பறதுன்னு ஒரு நாள் யோசிச்சேளா?"

அவள் சுருளைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தாள். முதல் கட்டைத் தாண்டியபோது வெள்ளைச்சாமி, "இருநூத்தி அறுவது" என்று வாசித்தார். வாசற்படி தாண்டினாள். "இருநூத்தித் தொண்ணூறு." ஃபேன்கள் ஊளையிட ஆரம்பித்தன. லக்ஷ்மிகாந்த் பல்பு சுருங்கிய இருட்டில் நின்று குழந்தை மாதிரி விசும்பினார். "போறும்ணா, எழுதிடலாம்ணா!" என்று மாதவன் மூத்தவர் கையைப் பிடித்து உலுக்கினான். "முந்நூத்தி நாப்பதுங்க சாமி, மெயினை இறக்கப் போறேன்" என்றார் வெள்ளைச்சாமி. கூடத்தில் அப்பா படத்துக்கு மேலிருந்த பல்பு வெள்ளையாகத் தகித்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அழகியமணவாளனுக்கு என்ன ஆனதோ, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். வாழ்நாளில் அவர் ஓடி எவரும் பார்த்ததில்லை.

"அரவிந்தி, நில்லுடி! நாலு பாகம்!"

அவள் நின்றாள். திரும்பவில்லை. "பத்திரத்துலயா?"

"பத்திரத்துலதான்! நானே எழுதறேன், ஒரு காற்புள்ளி தப்பாம எழுதறேன்!" என்று நடுத்தெருவில் மூச்சு வாங்கச் சொன்னார். கோலமாவு விற்கிறவள் கைதட்டினாள். எதிர் வீட்டு வாசலிலும் கைதட்டினார்கள். இப்படி ஒரு சத்தம் தேர் நிலைக்கு வரும்போதுதான் அந்த வீதியில் கேட்கும்.

திங்கட்கிழமை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பழைய விடுதலைப் பத்திரம் ரத்தாகி, நாலு பாகப் பத்திரம் பதிவானது. நியூட்ரல் ஒயர் நாலாவது பாகஸ்தரைச் சேர்ந்தது, மற்ற மூவரும் அதை உபயோகிக்கலாம், அறுக்கக் கூடாது என்று பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். பெஞ்சில் சுருண்டிருந்த ஒயர்கள் அரவிந்தவல்லி இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் படிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தன. அவள் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடியதும் கிளம்பின. அவர்கள் ஆட்டோவில் வீடு சேர்வதற்குள் பழைய ஒயர் தன் சட்டத்தில் தானே படுத்து, போர்டில் திருகாணியையும் தானே முறுக்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் கட்டுக்கு ஒன்றாகப் பரணில் ஏறிக்கொண்டன. வெள்ளைச்சாமி அன்றைய ரிப்போர்ட்டில், 'நியூட்ரல் திரும்பி வந்தது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷத்தில் உறையூரில் ஆறு, முசிறியில் நாலு, சமயபுரத்தில் ஒரு லாட்ஜையும் சேர்த்து மூன்று நியூட்ரல்கள் இதே மாதிரி கிளம்பித் தங்கைகள் வீட்டுக்கும் அக்காக்கள் வீட்டுக்கும் போயின. இப்போதெல்லாம் யாரும் கூட்டம் கூடிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் அதற்கு ஒதுங்கி இடம் விடுகிறார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள், "கூடப் பிறந்த பொண்ணு உண்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் முதல் வரியை ஆரம்பிக்கிறார்கள்.

அந்தத் தை மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, அரவிந்தவல்லி தன் பாகத்தில் பால் காய்ச்சினாள். நாலாகப் பிரித்ததில் அவளுக்கு வந்த நடுப்பகுதிக்குப் புதுக் கதவு, புதுப் பூட்டு, சாவி அவள் இடுப்பில். கொல்லையில் கிணற்றடி, அதிலும் வெள்ளிக்கிழமை அவளுடையது. ஒன்பது மணிக்கு அண்ணன்மாரும் தம்பியும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தட்டில் பழத்தோடு வந்தார்கள். பிறந்ததிலிருந்து குறுக்கும் நெடுக்கும் ஓடி விளையாடிய அதே நிலைப்படிக்கு முன்னால் வந்து மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மூத்தவர் கனைத்துக்கொண்டு, "உள்ள வரலாமா அரவிந்தி?" என்று கேட்டார்.

அவள் சந்தோஷத்தில் இடுப்புச் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரல் பிசிறவில்லை.

"வாங்கோ" என்றாள். "இது என் ஆம்."