தையல்காரர் போட்ட ஒன்று

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான்தான். சுகாதார நிலையத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன். கருத்துக் கேட்க வந்த பெண், "இங்க நர்ஸோட கவனிப்பு எப்படி சார்? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க" என்றாள். நர்ஸ் என்னை இன்னும் கூப்பிடவே இல்லை. "நாலு" என்றேன். ஏன் நாலு? இன்றுவரை பிடிபடவில்லை.

2

'சுவர்க் கடிகாரம் பத்தைக் காட்டியபோது...' (வேண்டாம். கடிகாரத்தைத் தூக்கிப் போடுங்கள்.)

எனக்கு முன்னால் அவள் கேட்டது தையல்காரரிடம். காலில் ஆறாத புண். வாரம் இருமுறை நர்ஸிடம் கட்டு மாற்றிக்கொள்பவர். அன்றும், "வலியே தெரியலம்மா, உனக்குத் தங்கமான கை" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். வந்ததும் சொன்ன மதிப்பெண், ஒன்று.

கருத்துக் கேட்டவளுக்குத் தலை சுற்றியது. "என்னண்ணே, இப்பத்தானே அப்படிப் புகழ்ந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி இருந்த டாக்டருக்கு எல்லாரும் அஞ்சு அஞ்சா போட்டோம்மா. நல்லா பாக்குறாருன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணையும் விட்டுட்டா என் காலு என்ன ஆகறது? அதான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஒண்ணே போடுங்கன்னு."

நர்ஸுக்குத் தற்காலிக வேலை. சராசரி மூன்றுக்குக் கீழே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது கருத்துக் கேட்பவளுக்குத் தெரியும். பதில் சொல்பவரிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது அவள் வேலையின் விதி.

(இதைத் தையல்காரரே சொன்னாரா, நானே கதை கட்டியதா? காய்ச்சலில் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. ஆனாலும் என் நாலைவிட அவருடைய ஒன்றில்தான் அன்பு இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

3

ஒரு முடிவு: விதியை மீறிச் சொல்லிவிடுகிறாள். நர்ஸ் பிழைத்தாள், இவள் வேலை போயிற்று.

இன்னொன்று: கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறாள். அடுத்த வாரம் தையல்காரர் நொண்டியபடி வந்து, கட்டு மாற்றும் அறையை எட்டிப் பார்க்க, அங்கே

(முடிக்க மனசு வரவில்லை.)

4

மொத்தம் இருபது படிவம். பத்தொன்பதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவள் பெஞ்சின் கோடிக்கு வந்தாள். சராசரி மூன்றைத் தொட, கடைசிப் படிவத்தில் ஐந்து விழுந்தாக வேண்டும்.

கோடியில் இருந்தது நான். என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பென்சில் இன்னும் தாளைத் தொடவில்லை. நான் சொன்னது சொன்னதுதான், என்னால் மாற்ற முடியவில்லை. நீங்கள் பிடியுங்கள் பென்சிலை.